88 டிபி, 6 ஓம்ஸ் டவர் ஸ்பீக்கருக்கு 80 வாட்ஸ் ரிசீவர் போதுமுங்களா?

கோபி_வாய்க்காங்கரை:

வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்துல புது வீட்டு வேலை நடக்குது. மாடியில ஒரு ரூமை படம் பாக்கறதுக்குன்னே ஒதுக்கியிருக்கறம். நீளம் 16 அடி, அகலம் 12, உயரம் 10. செவுத்துப் பூச்சு இன்னும் ஆகல. பைப் பதிக்கறதா இருந்தா இப்பவே சொல்லோணும்னு எலக்ட்ரீசியன் கேட்டுட்டே இருக்கறாரு.

12 அடிச் செவுத்துல டிவி. முன் ஸ்பீக்கர்ல இருந்து சோபா பத்தரை அடி. ஸ்பீக்கர் முடிவாயிருச்சு. முன்னால ரெண்டு டவர்: 88 டிபி, 6 ஓம்ஸ், "30 முதல் 150 வாட்ஸ் வரை ஆம்ப் போடலாம்"னு போட்டிருக்குது. அதே சீரிஸ்ல சென்டர். சரவுண்டுக்கு கையில இருக்கற கெஃப் க்யூ150 ஜோடி. 12 இன்ச் சப்வூஃபர், ஆம்ப் அதுக்குள்ளயே இருக்குது.

ரிசீவர்லதான் (படத்தோட சத்தத்தைப் பிரிச்சு எல்லா ஸ்பீக்கருக்கும் பவர் குடுக்கற பெட்டி) ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஒரு கடையில டெனான் எக்ஸ்1800ஹெச் போதும்ங்கறாங்க, 80 வாட்ஸ். இன்னொரு கடையில 6 ஓம்ஸ் ஸ்பீக்கர்ங்கறதால 95 வாட்ஸ் எக்ஸ்2800ஹெச்சுக்குக் கீழ போகவே கூடாதுங்கறாங்க. இங்க ஒருத்தர் 24-0-24, 5 ஆம்ப்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு சேனலுக்கு 200 வாட்ஸ் 5.1 ஆம்ப் அசெம்பிள் பண்ணித் தர்றேங்கறாரு. நோம்பிக்கு மைக்செட் போடற சொந்தக்காரப் பையன் அவன்கிட்ட இருக்கற பவர் ஆம்ப்பையே எடுத்துக்கச் சொல்றான். எதை நம்பறதுங்க?

---

நொய்யல்_ஒலி:

பெட்டி மேல் அச்சடித்த வாட்ஸை முதலில் ஓரமாக வையுங்கள். உங்கள் ரூமுக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம், பத்து நிமிட வேலை.

88 டிபி என்றால் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் 88 டிபி. 8 ஓம்ஸில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 6 ஓம்ஸில் அதுவே 1.33 வாட்ஸ், 4 ஓம்ஸில் 2 வாட்ஸ். அதாவது 4 ஓம்ஸ் ஸ்பீக்கரின் 88 டிபி, 8 ஓம்ஸ் ஸ்பீக்கரின் 85 டிபிக்குத்தான் சமம். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

இனி தூரம். பத்தரை அடி என்பது 3.2 மீட்டர். திறந்தவெளியில் இந்தத் தூரத்துக்கு 10 டிபி குறையும். மூடிய ரூமில் சுவர்கள் திருப்பித் தருவதால் 3 டிபியைக் கூட்டிக்கொள்ளலாம். ஆக 1.33 வாட்ஸ் கொடுத்தால் சோபாவில் ஒரு ஸ்பீக்கரின் சத்தம் 81 டிபி.

எவ்வளவு சத்தம் வேண்டும்? தியேட்டர் அளவுகோலில் ஒவ்வொரு சேனலும் உச்சத்தில் 105 டிபி தரவேண்டும், சப்வூஃபர் சேனல் 115. சரியாகக் காலிபிரேட் செய்த (மைக் வைத்து அளவு சரிபார்த்த) ரிசீவரில் வால்யூம் 0 என்பது இந்த அளவு. வீட்டில் அப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. குடும்பத்தோடு பார்க்கும்போது பொதுவாக -20 முதல் -10 வரைதான் வைப்போம்.

-10 வைத்தால் உச்சம் 95 டிபி. 81-லிருந்து 14 டிபி ஏறவேண்டும், அது 25 மடங்கு பவர்: 33 வாட்ஸ்.
-5 வைத்தால் உச்சம் 100 டிபி: 106 வாட்ஸ்.
0 வைத்தால் உச்சம் 105 டிபி: கிட்டத்தட்ட 335 வாட்ஸ்.

ஒவ்வொரு 3 டிபிக்கும் பவர் இரட்டிப்பாகிறது, 10 டிபிக்குப் பத்து மடங்காகிறது. சத்தம் "இரண்டு பங்காயிற்று" என்று காதுக்குப் படவே 10 டிபி ஏறவேண்டும். 80 வாட்ஸுக்கும் 95 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் 0.75 டிபி. அதைக் காது கண்டுபிடிக்காது. எனவே அந்த 15 வாட்ஸுக்காக மேல் மாடலுக்குப் போகவேண்டாம். அதில் கிடைக்கும் மற்ற வசதிகள் உங்களுக்கு வேண்டும் என்றால் போங்கள்.

வாட்ஸை ஒப்பிடும்போது எப்படி அளந்தார்கள் என்றும் பாருங்கள். "8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல் ஓட, 0.08 சதவீதம் டிஸ்டார்ஷன் (சத்தச் சிதைவு)" என்று இருந்தால் அது நேர்மையான எண். நீங்கள் சொன்ன 80-ம் 95-ம் அப்படிப்பட்டவைதான். "6 ஓம்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல், 10 சதவீதம்" என்று அளந்தால் அதே ரிசீவர் காகிதத்தில் இன்னும் பெரிய எண்ணைக் காட்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்த எண்தான். நேர்மையான எண்ணும்கூட இரண்டு சேனலுக்கு மட்டும். ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக ஓடினால், உள்ளே இருப்பது ஒரே பவர் சப்ளை என்பதால், சேனலுக்குப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குதான் நிற்கும். படத்தில் ஐந்தும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவது அபூர்வம் என்பதால் நடைமுறையில் இது பெரிய குறை இல்லை.

---

சிங்காநல்லூர்_சால்டர்:

அசெம்பிள் ஆம்ப் பத்தி ஒரு கணக்கு. 24-0-24, 5 ஆம்ப்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர்னா மொத்தம் 240 விஏ (வோல்ட்டை ஆம்ப்ஸால பெருக்கினது). ரெக்டிஃபை பண்ணினா, அதாவது டிசியா மாத்தினா, ரெண்டு பக்கமும் 33 வோல்ட் வரும், லோடு ஏறினா 30-க்கு இறங்கும். அவுட்புட் ட்ரான்சிஸ்டர்ல 3 வோல்ட் போக, ஸ்பீக்கருக்குப் போற உச்ச வோல்டேஜ் 27. 8 ஓம்ஸ்ல இது 45 வாட்ஸ். 200 வாட்ஸ் எடுக்கோணும்னா உச்சத்துல 57 வோல்ட் வேணும், அதுக்கு 45-0-45 ட்ரான்ஸ்ஃபார்மர் போடோணும். 24-0-24 போட்டு 200 வாட்ஸ்னு யார் சொன்னாலும் அது நடக்காதுங்க. எந்த போர்டு போட்டாலும் சப்ளை வோல்டேஜைத் தாண்டி அவுட்புட் வராது.

அந்த 45 வாட்ஸும் அஞ்சு சேனலுக்கு ஒட்டுக்கா வராது. அஞ்சு நாப்பத்தஞ்சு 225 வாட்ஸ். கிளாஸ் ஏபி ஆம்ப் உள்ள வாங்கறதுல 60 சதவீதந்தான் ஸ்பீக்கருக்குக் குடுக்கும், மிச்சம் ஹீட் சிங்க்ல சூடாப் போகும். அப்ப ட்ரான்ஸ்ஃபார்மர் 375 வாட்ஸுக்கு மேல தரோணும். இருக்கறது 240.

நல்லா அசெம்பிள் பண்றவங்க நம்ம பக்கம் இருக்கறாங்க. பாட்டு மட்டும் கேக்க ஸ்டீரியோ ஆம்ப் வேணும்னா தாராளமா செய்யச் சொல்லலாம். ஆனா மூணு விஷயம் கேட்டு வாங்குங்க. ஒண்ணு, 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி ஒரிஜினலா? போலி நெறைய ஓடுது. ஒரிஜினல் 230 வோல்ட், 15 ஆம்ப்ஸ் தாங்கும். போலி லோடு ஏறின உடனே ஷார்ட் ஆயிரும். ரெண்டு, ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டு, அதாவது யுபிசி1237 ஐசியும் ரிலேயும் இருக்குதா? இதுதான் முக்கியம். ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆச்சுன்னா 33 வோல்ட் டிசி அப்படியே வூஃபர்ல ஏறும். 6 ஓம்ஸ் காயில்ல அது 180 வாட்ஸ் ஹீட்டர் மாதிரி வேலை செய்யும், சில நொடியில வாய்ஸ் காயில் கருகிரும். மூணு, ஃபில்டர் கெப்பாசிட்டர் பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட்டாவது இருக்கோணும். 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டா 33 வோல்ட் சப்ளையில, ராத்திரி லைன் வோல்டேஜ் 250-ஐத் தொடறப்போ உப்பிரும்.

உங்க தேவை சினிமா. அதுக்கு ஹெச்டிஎம்ஐ, அட்மாஸ் (தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற முறை) டிகோடர், பேஸை சப்வூஃபருக்குப் பிரிச்சு விடற பேஸ் மேனேஜ்மென்ட், ரூம் கரெக்‌ஷன் எல்லாம் வேணும். ரிசீவரே எடுங்க.

மைக்செட் ஆம்ப்பும் வேண்டாம். ஃபேன் சத்தமே அமைதியான சீன்ல காதுல விழும். நிறைய மைக்செட் ஆம்ப்ல 100 வோல்ட் லைன் அவுட்புட் இருக்கும், அது கொழாய் ஸ்பீக்கருக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்சு ஓட்டறதுக்கு. அந்த டெர்மினல்ல வீட்டு ஸ்பீக்கரைத் தப்பா மாட்டினா ட்வீட்டர் அப்பவே போயிரும்.

---

ஊஞ்சலூர்_ஓம்ஸ்:

நொய்யல்_ஒலி அண்ணன் பவர் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டார். கரண்ட் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், ரிசீவர் திணறுவது அங்கேதான்.

6 ஓம்ஸ், 8 ஓம்ஸ் என்பதெல்லாம் பெயருக்குத்தான். ஃப்ரீக்வென்சிக்கு ஏற்ப ஓம்ஸ் ஏறி இறங்கும். ஐஇசி 60268-5 தரத்தின்படி ஸ்பீக்கரின் மிகக் குறைந்த இம்பீடன்ஸ் (அதாவது இந்த ஓம்ஸ்), சொன்ன மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 8 ஓம்ஸ் என்றால் 6.4-க்குக் கீழே இறங்கக்கூடாது. உங்கள் கையில் உள்ள க்யூ150-ன் ஸ்பெக் ஷீட்டில் "8 ஓம்ஸ், குறைந்தபட்சம் 3.7" என்று கெஃப்பே போட்டிருக்கிறது. சென்சிட்டிவிட்டி (2.83 வோல்ட்டுக்கு 1 மீட்டரில் தரும் சத்தம்) 86 டிபி. இது 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொண்டே ஆம்ப் தேடுங்கள். 20 வோல்ட் போகும்போது 8 ஓம்ஸில் 2.5 ஆம்ப்ஸ், 3.7 ஓம்ஸில் 5.4 ஆம்ப்ஸ். அதே வால்யூம், இரண்டு மடங்குக்கு மேல் கரண்ட்.

உங்கள் செட்டப்பில் இவை சரவுண்ட் என்பதால் பயமில்லை. சோபாவிலிருந்து ஐந்தாறு அடியில் இருக்கும், வேலையும் குறைவு. முன்னால் வைத்து 0 வால்யூமில் ஓட்டுவதாக இருந்தால் என் பதில் வேறாக இருக்கும்.

ரிசீவருக்கு மிகப்பெரிய உதவி 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர், அதாவது 80-க்குக் கீழே உள்ள பேஸை சப்வூஃபருக்குத் திருப்பிவிடும் எல்லை. டவர்தானே, முழு பேஸும் அதற்கே போகட்டும் என்று ரிசீவர் மெனுவில் "லார்ஜ்" வைத்துவிடாதீர்கள். ஒரே சத்தத்துக்கு ஃப்ரீக்வென்சி பாதியானால் வூஃபர் கோன் நான்கு மடங்கு அசையவேண்டும். 80-ல் 1 மில்லிமீட்டர் அசைந்தால் 40-ல் 4, 20-ல் 16. ஆறரை இன்ச் வூஃபரால் அது முடியாது, ரிசீவரின் கரண்ட்டும் அங்கேதான் கரைகிறது. "ஸ்மால்" வைத்து 80-ல் வெட்டினால் பளு சப்வூஃபரின் சொந்த ஆம்ப்புக்குப் போய்விடும். வசனமும் தெளிவாகும்.

ரிசீவர் மெனுவில் இம்பீடன்ஸ் 4 ஓம்ஸ் / 8 ஓம்ஸ் என்று ஒரு செட்டிங் இருக்கலாம். 4-ல் வைத்தால் கரண்ட் அதிகமாகத் தரும் என்று நினைக்கவேண்டாம். சூடு ஏறாமல் இருக்க அவுட்புட்டைக் கட்டிப்போடும் ஏற்பாடுதான் அது. 6 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு மேனுவல் அனுமதித்தால் 8-லேயே வைத்து, காற்றோட்டத்தைச் சரியாகக் கொடுங்கள். ஈகோ மோடையும் படம் பார்க்கும்போது ஆஃப் செய்யுங்கள்.

டவரின் பின்னால் இரண்டு ஜோடி டெர்மினல் இருந்தால் "பை-ஆம்ப்" (ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப் சேனல்) செய்யச் சொல்வார்கள். ஒரே ரிசீவரிலிருந்து இரண்டு சேனல் எடுத்து மாட்டினாலும் பவர் சப்ளை ஒன்றுதான், எனவே பவர் கூடாது. அந்த ஒயர் செலவை சப்வூஃபரில் போடுங்கள்.

---

கோபி_வாய்க்காங்கரை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அசெம்பிளும் மைக்செட்டும் விட்டாச்சு. இன்னும் மூணு கேள்விங்க.

ஒண்ணு, பின்னால சத்தம் பத்தலைன்னா தனி பவர் ஆம்ப் சேத்திக்கலாமுங்களா, அதுக்கு இப்பவே ஏதாச்சும் பாத்து வாங்கோணுமா?

ரெண்டு, எங்க பக்கம் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஒட்டுக்கா ஓடறப்போ 185 வோல்ட்டுக்கு வந்துரும். ராத்திரி 250 தாண்டும். ஸ்டெபிலைசர் எத்தனை கேவிஏ?

மூணு, எந்த ஒயர், எந்த பைப்?

---

நொய்யல்_ஒலி:

முதல் கேள்விக்கு. தனி ஆம்ப் சேர்க்க ரிசீவரில் ப்ரீ அவுட் (வெளி ஆம்ப்புக்குச் சிக்னல் எடுக்கும் சாக்கெட்) இருக்கவேண்டும். கீழ்நிலை மாடல்கள் பலவற்றில் சப்வூஃபருக்கு மட்டும்தான் இருக்கும். எக்ஸ்3800ஹெச்சில் எல்லாச் சேனலுக்கும் உண்டு, ஒவ்வொன்றும் 105 வாட்ஸ், 9 சேனல் ஆம்ப். ஆனால் விலை வேறு தட்டு. கடைக்குப் போகும் முன் பின்பக்கப் படத்தை எடுத்து "ப்ரீ அவுட்" என்ற வரிசையைப் பாருங்கள்.

உங்களுக்கு அது வேண்டுமா? -10-ல் 33 வாட்ஸ் போதும். -5 வரை போகும் ஆசை இருந்தால் 106 வாட்ஸ் வேண்டும், 80 வாட்ஸ் ரிசீவர் அதற்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். வித்தியாசம் 1.2 டிபி. அதற்காகத் தனி ஆம்ப் வாங்குவது வீண். உண்மையிலேயே 0-வில் படம் பார்ப்பவர் என்றால் மட்டும் ப்ரீ அவுட் உள்ள ரிசீவரும் 200 வாட்ஸ் தாண்டிய ஆம்ப்பும். அப்போதும் முன் மூன்று ஸ்பீக்கருக்கு மட்டும் போதும், சரவுண்ட் ரிசீவரிலேயே ஓடட்டும். ஆம்ப்பின் கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 29 டிபிக்குப் பக்கத்தில் இருந்தால் ரிசீவரோடு எளிதாக ஒத்துப்போகும். அதைவிட மிகவும் கூடினால் ஸ்பீக்கரில் 'உஸ்' சத்தம் வரும்.

உங்கள் டவர் "150 வாட்ஸ் வரை" என்று சொல்கிறது. 200 வாட்ஸ் ஆம்ப் போட்டால் எரிந்துவிடுமோ என்று பயப்படவேண்டாம். சின்ன ஆம்ப்பை அளவுக்கு மீறி முறுக்கினாலும் ஸ்பீக்கர் எரியும். 80 வாட்ஸ் ஆம்ப் முழுக்கக் கிளிப் ஆகி அலையின் தலை சப்பையானால் வெளியே போகும் பவர் 160 வரை ஏறும். அலை வெட்டுப்படும்போது புதிதாக உண்டாகும் ஹை ஃப்ரீக்வென்சி ட்வீட்டருக்குப் போகும். வழக்கமாகச் சில வாட்ஸ் மட்டும் பார்க்கும் ட்வீட்டர் இதில் கருகும். சத்தம் கரகரக்க ஆரம்பித்தால், வசனத்தில் "ஸ" எழுத்துக்கள் கீறினால், உடனே 5 டிபி குறையுங்கள்.

---

தாராபுரம்_மெயின்ஸ்:

வோல்டேஜ் கேள்விக்குப் பதில். பெரும்பாலான ரிசீவர்ல பவர் ஆம்ப்புக்குப் போற சப்ளை ரெகுலேட் ஆகாதது. லைன் வோல்டேஜ் 230-ல இருந்து 185-க்கு வந்தா உள்ள இருக்கற சப்ளையும் அதே விகிதத்துல இறங்கும், பவர் அதோட வர்க்கத்துல இறங்கும். 185-ஐ 230-ஆல வகுத்து வர்க்கம் பண்ணினா 0.65. உங்க 80 வாட்ஸ் ரிசீவர் மோட்டார் ஓடற நேரத்துல 52 வாட்ஸ்தான். 15 வாட்ஸ் எச்சு மாடல் வாங்கறதைவிட வோல்டேஜை நிறுத்தறதுலதான் லாபம் எச்சு.

சர்வோ ஸ்டெபிலைசர் (மோட்டார் வெச்சு வோல்டேஜை மெதுவா சரிபண்றது) 2 கேவிஏ போதும். ரிசீவர், சப்வூஃபர், டிவி, ப்ளேயர் எல்லாம் சேர்த்தாலும் உச்சத்துல ஒரு கிலோவாட்டைச் சுத்தித்தான் வரும். இன்புட் ரேஞ்ச் 170 முதல் 270 வரை இருக்கறதாப் பாருங்க. ரிலே டைப் ஸ்டெபிலைசர் ஒவ்வொரு தட்டா மாறறப்போ 'டிக்' சத்தம் ஸ்பீக்கர்லயே கேக்கும், அதனால சர்வோ. ஏசியை இதுல மாட்டாதீங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டறதா இருந்தா ப்யூர் சைன் வேவ் மட்டும். ஸ்கொயர் வேவ்ல ட்ரான்ஸ்ஃபார்மர் இரையும், சூடாகும்.

இதைவிட முக்கியமானது, நியூட்ரல். மும்முனை இணைப்பு இருக்கற வீட்டுல நியூட்ரல் அறுந்தாலோ லூஸ் ஆனாலோ ஒரு கரண்ட் பேஸ்ல (ஒரு முனையில) 350, 400 வோல்ட் வரைக்கும் ஏறும். தோட்டத்துப் பக்கம் நீளமான லைன், காத்து மழைன்னு வந்தா இது நடக்கறதுதான். ஸ்டெபிலைசர்ல ஹை கட்-ஆஃப் இருக்கோணும், 270-ல வெட்டறமாதிரி. மெயின் போர்டுலயே ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டரும், இடிக்கு எஸ்பிடியும் (திடீர் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பி விடற சாமான்) போட்டுக்கங்க. எஸ்பிடி வேலை செய்யறது எர்த் நல்லா இருந்தாத்தான். கரி, உப்பு போட்ட பழைய எர்த் குழின்னா கோடையில தண்ணி ஊத்தோணும்.

எல்லா சாமானையும் ஒரே கரண்ட் பேஸ்ல, ஒரே போர்டுல இருந்து எடுங்க. சப்வூஃபரை வேற செவுத்துப் பிளக்ல மாட்டினா 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' சத்தம் வரும். அப்படி வந்தா முதல்ல கேபிள் டிவி ஒயரையோ டிஷ் ஒயரையோ கழட்டிப் பாருங்க, பாதிக்கு மேல அங்கதான் இருக்கும். எர்த் பின்னை மட்டும் எக்காரணத்துக்கும் வெட்டக்கூடாது.

ரிசீவர் மேல அரை அடி காலி இடம் வேணும். கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள்ள வெச்சா சித்திரை வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு ப்ரொடெக்‌ஷன் போயிரும். முடியாதுன்னா யூனிட்டுக்குப் பின்னால பலகையை வெட்டி 120 மில்லிமீட்டர் ஃபேன் ரெண்டு, 12 வோல்ட் ஃபேனை 7, 8 வோல்ட்ல ஓட்டினா சத்தம் வராது. செட்டாப் பாக்ஸை ரிசீவர் தலை மேல வைக்காதீங்க.

---

ஊஞ்சலூர்_ஓம்ஸ்:

ஒயருக்கு விதி: போய்வரும் மொத்த ஒயரின் ரெசிஸ்டன்ஸ், ஸ்பீக்கரின் மிகக் குறைந்த ஓம்ஸில் 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். மல்டி ஸ்ட்ராண்ட் செம்பு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் ஒரு கிலோமீட்டருக்கு 8 ஓம்ஸ். முன் ஸ்பீக்கருக்கு 6 மீட்டர் என்றால் போய்வர 12 மீட்டர், 0.1 ஓம். கச்சிதம். சரவுண்டுக்கு சுவர் ஏறி இறங்கி 14 மீட்டர் வரலாம், போய்வர 28, அது 0.22 ஓம். க்யூ150-ன் 3.7 ஓம்ஸில் 5 சதவீதம் 0.185. எனவே சரவுண்டுக்கு 4 ஸ்கொயர் எம்எம் போடுங்கள், 0.14 ஓமில் முடிந்துவிடும். பின் ஸ்பீக்கருக்கு மெல்லிய ஒயர் போதும் என்று 1 ஸ்கொயர் எம்எம் இழுத்தால் 0.55 ஓம் வரும். பூச்சுக்குப் பிறகு இதை மாற்ற முடியாது.

ஸ்பீக்கர் ஒயர் என்று தனியாக விலை வைத்து விற்பது வேண்டியதில்லை. எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் நல்ல கம்பெனியின் மல்டி ஸ்ட்ராண்ட் ஹவுஸ் ஒயரே போதும், சிவப்பு ஒரு காயில், கறுப்பு ஒரு காயில். செம்பு பூசிய அலுமினிய ஒயரைத் தவிருங்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கு மேல்.

பைப் 25 மில்லிமீட்டர், கரண்ட் பைப்பிலிருந்து ஒரு அடி தள்ளி. குறுக்கே போகவேண்டி வந்தால் நேர் செங்குத்தாகத் தாண்டட்டும். எல்போ வேண்டாம், நீள பெண்ட் மட்டும். சப்வூஃபருக்கு ஆர்ஜி6 கேபிள் இரண்டு மூலைக்கு இழுத்து வையுங்கள், எந்த மூலையில் பேஸ் நன்றாக இருக்கும் என்பது சாமான் வந்த பிறகுதான் தெரியும். மேலே அட்மாஸுக்கு நான்கு இடத்தில் ஒயர் இறக்கிவிடுங்கள், இப்போது மாட்டாவிட்டாலும். ஹெச்டிஎம்ஐக்குத் தனி 40 மில்லிமீட்டர் பைப், உள்ளே டிரா ஒயர் (பின்னால் கேபிளை இழுக்க). 5 மீட்டருக்கு மேல் என்றால் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ. அதற்குத் திசை உண்டு, டிவி முனையை ரிசீவரில் மாட்டினால் படம் வராது.

மாட்டும்போது ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொடக்கூடாது. பனானா பிளக் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ப்ளஸ், மைனஸ் மாறினதா என்று பார்க்க, ரிசீவரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுக் காட்டுங்கள். பேட்டரி ப்ளஸ் சிவப்பில் பட்டால் வூஃபர் முன்னால் வரவேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் பேஸ் காணாமல் போய்விடும், பாடகர் குரல் நடுவில் நிற்காது.

---

பவானி_கூடுதுறை:

ரூமைப் பத்தி யாரும் சொல்லல. வழவழ டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, பூச்சுச் சுவர் எல்லாம் சேர்ந்தா எந்த ரிசீவர் போட்டாலும் வசனம் கொழகொழன்னுதான் கேக்கும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுத் தரையில விரிப்பு வேணும். எங்க ஊர் ஜமக்காளம் அழகா இருக்கும், ஆனா மெல்லிசு. ஒத்தையா விரிச்சா ரொம்ப மேல் ஃப்ரீக்வென்சியை மட்டுந்தான் உறிஞ்சும். அடியில ஒரு இன்ச் ஃபெல்ட் போட்டு மேல ஜமக்காளம் விரிச்சா வேலை செய்யும். ரெண்டு பக்கச் சுவர்லயும் ஒருத்தர் கண்ணாடியை நகர்த்திட்டே போக, சோபால உக்காந்து பாக்கறப்போ அதுல ஸ்பீக்கர் தெரியற எடம் எதுவோ, அங்க 2க்கு 4 அடி மரச் சட்டத்துல 50 மில்லிமீட்டர் ராக் வூல் (சத்தம் உறிஞ்சற பஞ்சுப் பலகை), 48 கிலோ டென்சிட்டி, மேல பருத்தித் துணி. கைக்கு உறை போட்டுட்டு வேலை பண்ணுங்க, அரிக்கும்.

16 அடி ரூம்ல நீளவாக்குல 35 ஹெர்ட்ஸ்ல அலை நிக்கும். சரியா நடுவுல, 8 அடியில சோபா போட்டா அந்த 35 ஹெர்ட்ஸ் காதுக்கு வராது. பின் சுவரை ஒட்டினா அதுவே இரையும். ஸ்பீக்கரை சுவர்ல இருந்து 2 அடி முன்னால வெச்சா உங்க சோபா பன்னெண்டரை அடியில வரும், பின்னால மூணரை அடி இடம். நல்ல எடம், மாத்தாதீங்க.

---

கோபி_வாய்க்காங்கரை:

எக்ஸ்1800ஹெச், 2 கேவிஏ சர்வோ, சரவுண்டுக்கு 4 ஸ்கொயர் எம்எம்னு முடிவு பண்ணியாச்சுங்க. மாட்டினதுக்கு அப்பறம் ரிசீவர்கூட வர்ற மைக் வெச்சு சத்தத்தை அளந்து செட் பண்றதுல என்ன கவனிக்கோணும்னு சொன்னீங்கன்னா போதும்.

---

நொய்யல்_ஒலி:

மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சோபா சாய்வின் மேலும் வைக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி ஆஃப். முதல் அளவு நீங்கள் உட்காரும் இடத்தில், மற்றவை அதைச் சுற்றி 2 அடிக்குள். சப்வூஃபரின் மேல் உள்ள கிராஸ்ஓவர் திருகியை முழுக்க ஏற்றி, அல்லது "எல்எஃப்இ" (படத்தின் சப்வூஃபர் சேனல்) என்று வைத்து, அதன் கெய்னை நடுவில் நிறுத்துங்கள். முடிவில் ரிசீவர் சப்வூஃபருக்கு -12 என்று காட்டினால் அது எல்லையில் முட்டி நிற்கிறது. கெய்னைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

ஓடி முடிந்ததும் டவர்களை "லார்ஜ்" என்று போட்டிருக்கும். எல்லாவற்றையும் "ஸ்மால்" ஆக்கி, 40, 60 என்று காட்டுவதை 80-க்கு ஏற்றுங்கள். ரிசீவர் தானே கண்டுபிடித்த எண் 80-க்கு மேலே இருந்தால், உதாரணமாக சரவுண்டுக்கு 100, அதைக் குறைக்கக்கூடாது. எல்எஃப்இ லோ பாஸ் 120. சப்வூஃபரின் தூரம் உண்மையைவிட நான்கைந்து அடி அதிகமாகக் காட்டலாம். அது சப்வூஃபருக்குள் நடக்கும் தாமதத்தைச் சேர்த்த கணக்கு, டேப் வைத்து அளந்து திருத்தாதீர்கள். டைனமிக் ஈக்யூ (சத்தம் குறைக்கும்போது பேஸ் மங்காமல் பார்ப்பது) ஆன், டைனமிக் வால்யூம் (பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது) ஆஃப். குழந்தைகள் தூங்கும் இரவில் மட்டும் டைனமிக் வால்யூமைப் போட்டுக்கொள்ளலாம்.

ரிசீவர் ஆன் ஆகி உடனே அணைந்து சிவப்பு விளக்கு மின்னினால், எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அணையாமல் ஓடினால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ ஷார்ட். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தால் எது என்று தெரிந்துவிடும். ஒயரே இல்லாமலும் மின்னினால் திறந்து பார்க்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள்.